செட்டிநாட்டில் ஒரு ஆல்ஃபா ரோமியோ ஜிடி 1300 ஜூனியர்: அப்படியே மீட்பதா, மேம்படுத்துவதா?

வளவுவாசி (கானாடுகாத்தான்):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுப் பின்கட்டை ஒட்டிய கார் செட்டில் நெடுங்காலமாக அசையாமல் நிற்கும் 1969ஆம் ஆண்டு ஆல்ஃபா ரோமியோ ஜிடி 1300 ஜூனியரை மறுபடி சாலையில் ஓடும் நிலைக்குக் கொண்டுவர விரும்புகிறேன். பினாங்கில் தொழில் நடத்திய எங்கள் சின்னய்யா அங்கே புதிதாக வாங்கி, ஊரோடு வந்து தங்குவது என்று முடிவு செய்தபோது கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்த வண்டி இது. வலப்பக்க ஸ்டீயரிங், 1973இல் நம் மாநிலத்தில் பதிவாகியிருக்கிறது, பழைய ஆர்.சி. புத்தகம் பெட்டகத்தில் பத்திரமாக உள்ளது. பெர்டோனே நிறுவனத்தில் இருந்த காலத்தில் ஜூஜாரோ வரைந்து, 1963இல் ஜூலியா ஸ்பிரிண்ட் ஜிடி என்ற பெயரில் வெளிவந்த உடல்தான் இதற்கும். பானட்டின் முன்விளிம்பு கிரில்லுக்கு மேல் மெல்லிய இடைவெளி விட்டு ஒரு படிபோல நிற்கும் முந்தைய வடிவம்.

இப்போதைய நிலை இதுதான். பிளக் துளைகளில் எண்ணெய் ஊற்றி ஊறவிட்ட பிறகு எஞ்சின் கையால் சுற்றுகிறது. இரண்டு வெபர் கார்ப்பரேட்டர்களும் பிசின் பிடித்து இறுகிக் கிடக்கின்றன. பிரேக் பெடல் எதிர்ப்பே இல்லாமல் தரைவரை போகிறது. ஒயரிங்கை எலிகள் தின்றுவிட்டன. இடப்பக்கக் கதவின் கீழ்ப்பகுதியில் துரு வெளியே தெரிகிறது. ஸ்டெப்னி வைக்கும் குழியில் கைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை இருக்கிறது.

வீட்டில் கருத்து ஒன்றாக இல்லை. ஆணி ஒன்றுகூட மாறாமல் பழையபடி வர வேண்டும் என்று அப்பச்சி சொல்கிறார்கள். என் மைத்துனரோ, இத்தனை செலவு செய்துவிட்டு 1290 சிசி எஞ்சினையே திரும்ப மாட்டுவது வீண், இரண்டு லிட்டர் எஞ்சின் போடலாம் என்கிறார். எனக்கு வேண்டியது, கத்திரி வெயிலிலும் மதுரைக்கோ திருச்சிக்கோ போய்விட்டுப் பயமில்லாமல் வீடு திரும்பக்கூடிய ஒரு வண்டி. எங்கிருந்து தொடங்குவது, எதை மாற்றுவது, எதில் கைவைக்கவே கூடாது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.


தேவகோட்டை டிங்கர்:

தம்பி, எஞ்சின் பேச்சை ஓரமாக வைத்துவிட்டு முதலில் தகரத்தைப் பாருங்கள். இந்த வண்டிக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது; உடல்தான் சேஸிஸ். அதன் பலத்தில் பெரும்பகுதி கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் சில் பகுதியில் இருக்கிறது. அந்தச் சில் வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என்று மூன்று அடுக்காகச் செய்யப்பட்டது. சேறும் ஈரமும் இந்த அடுக்குகளுக்கு நடுவே தங்கிவிடுவதால் துரு எப்போதும் உள்ளிருந்து வெளியே வருகிறது. வெளித்தகட்டில் ஒரு ரூபாய் அகலத்துக்குத் துரு தெரிந்தால் நடுத்தகட்டில் பாதி போயிருக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பழைய வீட்டுச் சுவரில் சுண்ணாம்புப் பூச்சு உப்பியிருக்கும் இடத்தை விரல் முட்டியால் தட்டியே கண்டுபிடிப்பதுபோல, இங்கும் திருப்புளிக் கைப்பிடியால் சில்லின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்ற ஒலி மந்தமாகும் இடத்தில் சாக்பீஸால் குறியிடுங்கள். அப்படியே ஜாக்கி வைக்கும் இடங்கள், முன்பக்கக் குறுக்குத் தகடு, பின் சக்கர வளைவின் உள்பக்கம், ஸ்டெப்னி குழி ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். சில்லை வெட்டுவதற்கு முன்பே கதவுச் சட்டத்தின் இரு பக்கங்களையும் இணைத்து உள்ளே குறுக்குக் கம்பி பற்றவைத்துவிட வேண்டும். அதன் பிறகே வெட்டத் தொடங்கலாம். கம்பி இல்லாமல் வெட்டினால் வண்டி நடுவில் சில மில்லிமீட்டர் தொய்ந்துவிடும். புதுச் சில்லைப் பற்றவைத்து முடித்த பிறகு கதவு சாத்தாது, சாத்தினாலும் இடைவெளி மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் நிற்கும். அந்த நிலையில் அதைச் சரிசெய்ய எந்தப் பட்டியாலும் முடியாது.

பெயிண்டை உரிப்பதற்கு மணல் பீய்ச்சும் பட்டறைக்கு உடல் முழுவதையும் அனுப்பாதீர்கள். பக்கத்து மாவட்டத்தில் ஒரு பட்டறை எனக்குத் தெரிந்தவரின் பானட்டை அப்படி உரித்துத் திருப்பிக் கொடுத்தது. தட்டையாக இருந்த தகடு அலை அலையாக வந்தது. கனமான அடித்தகடுகளுக்கு மணல் சரி. பானட், கூரை, கதவுத் தோல் இவற்றுக்கு ரசாயன உரிப்பானும் கைவேலையும்தான்.


அரிமானம் (காரைக்குடி):

மேலே எழுதியவர் சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். நான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்து, 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953இல் திறக்கப்பட்ட அந்த நிறுவனத்தில் துருவை ஆராய்வதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. அதன் மதில் சுவருக்கு வெளியே உள்ள பட்டறைகளில் இன்றும் துருவின் மேலேயே பட்டி அப்புகிறார்கள் என்பது எனக்கு நீண்ட நாள் வருத்தம்.

சிறிய உதிரிகளான ஹின்ஜ், பிராக்கெட், பெடல் கை, சீட் ரெயில் போன்றவற்றுக்கு மின்பகுப்பு முறையே சிறந்தது, வீட்டிலேயே செய்யலாம். பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி அளவில் சலவைச் சோடா கரைத்து, துருப்பிடித்த பொருளை பேட்டரி சார்ஜரின் எதிர்முனையிலும், தேவையற்ற இரும்புத் தகடு ஒன்றை நேர்முனையிலும் இணைத்து மூழ்கவிட வேண்டும். துரு கறுப்புக் கூழாக மாறிப் பிரஷ்ஷால் தேய்த்தாலே உதிரும். நல்ல இரும்பு சிறிதும் குறையாது. நேர்முனைக்கு எவர்சில்வர் தட்டைப் பயன்படுத்தவே கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சுத்தன்மை கொண்ட வடிவில் கரைசலில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் திறந்த வெளியில் செய்யுங்கள். ஸ்பிரிங்குகளையும் கடினப்படுத்தப்பட்ட போல்ட்டுகளையும் இந்தத் தொட்டியில் போடாதீர்கள். ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மை உடையதாக்கிவிடும்.

உடல் தகட்டைப் பொறுத்தவரை, சுத்தம் செய்த அன்றே எப்பாக்சி பிரைமர் அடித்துவிட வேண்டும். புரட்டாசிக்குப் பிறகு நம் ஊர்க் காற்றில் ஏறும் ஈரத்தில் பளபளக்கும் வெறும் தகடு ஓர் இரவிலேயே பழுப்பேறிவிடும். பற்றவைக்கும் விளிம்புகளில் மட்டும் துத்தநாகம் கலந்த, பற்றவைப்புக்கு இடம் கொடுக்கும் பிரைமரைப் பூசுங்கள். எல்லாம் முடிந்து பெயிண்ட் உலர்ந்த பிறகு சில்லின் உட்குழிவுகளுக்குள் நீண்ட குழாய் விட்டு மெழுகு பீய்ச்ச வேண்டும். கடைசியாக, தொழிற்சாலை வைத்த வடிதுளைகள் அனைத்தும் திறந்திருக்கின்றனவா என்று கம்பி விட்டுப் பாருங்கள். நம் ஆட்கள் நல்லெண்ணத்தோடு அவற்றை சீலண்ட் வைத்து அடைத்துவிடுவார்கள்.


கோவை ட்வின்கேம்:

தகரவேலை பற்றி எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எஞ்சின் விஷயத்தில் மைத்துனர் பக்கம்தான் நான் நிற்கிறேன், காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் கொள்ளளவை வைத்து இத்தாலியில் வரி வாங்கிய காலத்தில் அந்த வரிக்குப் பயந்தவர்களுக்காகச் செய்யப்பட்டதுதான் 1300 ஜூனியர். சிலிண்டர் விட்டம் 74, பிஸ்டன் ஓட்டம் 75 மில்லிமீட்டர் என்ற அளவில், சுமார் 90 குதிரைத்திறன் தரும் எஞ்சின் அது. இதே குடும்பத்தில் 1570, 1779, 1962 சிசி என்று எஞ்சின்கள் வந்தன. இரண்டு லிட்டர் எஞ்சின் 84க்கு 88.5 மில்லிமீட்டர், 130 குதிரைத்திறனுக்கு அருகில் தருவது. அதே அலுமினிய பிளாக், அதே இரட்டைக் கேம்ஷாஃப்ட், அதே சங்கிலி அமைப்பு. ஒரு டன்னுக்கும் குறைவான எடையுள்ள உடலில் அது உட்கார்ந்தால் வண்டியின் குணமே மாறிவிடும். ஆல்ஃபாவே செய்த எஞ்சினை ஆல்ஃபாவில் மாட்டுவதில் மரபு மீறல் எதுவும் இல்லை.

அதோடு உங்கள் வண்டியின் பின் ஆக்சில் விகிதம் 9/41, அதாவது 9 பல் சக்கரம் 41 பல் சக்கரத்தைச் சுற்றுவது, ஏறக்குறைய 4.56. நான்கு வழிச்சாலையில் நூறில் ஓட்டினாலே எஞ்சின் கத்திக்கொண்டிருக்கும். 1779 சிசி எஞ்சினோடு வந்த 1750 வண்டியின் 10/41 விகிதத்துக்கு மாற்றினால் அந்தக் கத்தல் குறையும், ஆனால் 1300 எஞ்சினுக்கு அதை இழுக்கும் தெம்பு போதாது. ஆகவே இரண்டையும் சேர்த்தே மாற்றுவதுதான் முறை.


ஆர்சி புத்தகம் (மதுரை):

கோவைக்காரர் சொல்வது பொறியியலில் சரியாக இருக்கலாம். சட்டத்தில் அது வேறு கதை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. 1290 சிசி என்று எழுதியிருக்கும் புத்தகத்தை வைத்துக்கொண்டு 1962 சிசி எஞ்சினோடு நீங்கள் ஆய்வாளர் முன்னே போய் நிற்க முடியாது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனமும் முதலில் இதைத்தான் கேட்கும்.

உங்களுக்கு முன்னே இரண்டு வழிகள் இருக்கின்றன. முதலாவது, 2021 ஜூலையில் அறிவிக்கப்பட்ட வின்டேஜ் வாகன விதிகளின்கீழ்ப் பதிவது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும். வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும். சேஸிஸிலோ உடலிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், செல்லுபடிக் காலம் 10 ஆண்டுகள். எண் பலகையில் விஏ என்ற எழுத்துகள் வரும். ஆனால் இந்தப் பதிவில் வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்ட அனுமதி கிடையாது. கண்காட்சி, ஆராய்ச்சி, வின்டேஜ் பேரணி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான் சாலையில் எடுக்கலாம். இரண்டாவது, சாதாரணப் பதிவையே ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்து, பசுமை வரி கட்டி ஓட்டுவது. மதுரைக்குப் போய்வர வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உங்களுக்கு இரண்டாவது வழிதான் பொருந்தும். எஞ்சினை மாற்றாமல் விட்டால் இரண்டு வழிகளுமே திறந்திருக்கும். நானாக இருந்தால் அந்த வசதியை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அட்டைப் புத்தகத்தின் விவரங்கள் அரசின் வாகன் இணையத் தரவில் ஏற்றப்பட்டிருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். ஏறாவிட்டால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பேக்லாக் என்ட்ரிக்கு, அதாவது பழைய பதிவை இணையத்தில் ஏற்றுவதற்கு, விண்ணப்பிக்க வேண்டும். அது உங்கள் டிங்கர் வேலையைவிட நீண்ட காலம் பிடிக்கலாம்.


கோவை ட்வின்கேம்:

52ஆவது பிரிவை நான் மறுக்கவில்லை. முன் அனுமதி பெற்று எஞ்சின் மாற்றியவர்களும் இருக்கிறார்கள் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். அந்த அலைச்சலுக்கு வளவுவாசி தயாரா என்பது அவர் பாடு.


ஜெட்டூசி (திருச்சி):

எஞ்சின் அளவைப் பற்றிய சண்டைக்கு நடுவில் எரிபொருளை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். இந்த வண்டி கடைசியாக ஓடிய காலத்துப் பெட்ரோல் இன்று எந்தப் பங்கிலும் கிடையாது. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியோடு ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் நின்றது. அதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. அலுமினிய ஹெட்டில் தனியாகப் பதித்த கடினமான வால்வு இருக்கைகள் இருப்பதால் ஈயமில்லாப் பெட்ரோலை இந்த எஞ்சின் தாங்கும். உண்மையான தலைவலி எத்தனால்தான். இப்போது நாடெங்கும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் வருகிறது.

இதில் மூன்று சிக்கல்கள் உண்டு. முதலாவது ரப்பர். பழைய எரிபொருள் குழாய்களும் பம்ப்பின் டயஃப்ரமும் ஊறி, உப்பி, பிறகு வெடிக்கும். தொட்டியிலிருந்து கார்ப்பரேட்டர்வரை உள்ள அத்தனை ரப்பர் குழாய்களையும் கழற்றி எறிந்துவிட்டு, எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று மேலேயே அச்சிட்டிருக்கும் குழாயை மட்டும் வாங்குங்கள். அச்சில்லாத குழாயைக் கடைக்காரர் என்ன சொல்லி விற்றாலும் வாங்காதீர்கள். சூடான சைலன்சர் மேனிஃபோல்டுக்கு அருகில் கசியும் பெட்ரோல் எந்த வண்டியையும் மிச்சம் வைக்காது.

இரண்டாவது தண்ணீர். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கித் தகட்டை அரிக்கும். மாதத்துக்கு ஒருமுறை ஓட்டப்போகும் வண்டிக்கு இது பெரிய ஆபத்து. தொட்டியை இறக்கி, அரிமானம் ஐயா சொன்ன முறையில் சுத்தம் செய்து, எத்தனால் தாங்கும் பூச்சு கொடுத்துவிடுங்கள். அடைமழைக் காலம் முழுவதும் பெட்ரோல் நிரப்பி நிறுத்தி வைக்காதீர்கள்.

மூன்றாவதுதான் கார்ப்பரேட்டர் விஷயம். இங்கே கொஞ்சம் கணக்கு வேண்டும். ஒரு பங்கு தூய பெட்ரோல் முழுமையாக எரிய எடையில் 14.7 பங்கு காற்று தேவை. எத்தனாலுக்கு 9 பங்கு போதும். 20 சதவீதக் கலவைக்கு அது 13.5க்கு அருகில் வரும். அதாவது பழைய ஜெட்டை (கார்ப்பரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் சிறு துளைத் திருகை) வைத்து ஓட்டினால் கலவை சுமார் எட்டு சதவீதம் மெலிந்துபோகிறது. எஞ்சின் சூடேறும், மிதிக்கும்போது திக்கும், நெடுஞ்சாலையில் வெளியேற்று வால்வுகள் அளவுக்கு மீறிச் சூடாகும். வெபர் 40 டிசிஓஇ ஜெட்டில் பொறித்திருக்கும் எண் துளையின் விட்டத்தை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காகச் சொல்வது. 115 என்றால் 1.15 மில்லிமீட்டர். உதாரணத்துக்கு 115 இருந்த இடத்தில் 120 போட்டால் துளையின் பரப்பு ஏறக்குறைய ஒன்பது சதவீதம் கூடும். இழந்த அளவு கிட்டத்தட்டத் திரும்பிவிடும். ஐடில் ஜெட்டையும் அதே விகிதத்தில் ஒருபடி ஏற்றிப் பாருங்கள். இரண்டு பெட்டி ஜெட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டு, பிளக்கின் நிறத்தையும் புகைக்குழலில் வைக்கும் அகலப் பட்டை ஆக்சிஜன் மீட்டரையும் பார்த்து முடிவு செய்யலாம். பழைய ஜெட்டுகளைச் சிறு டப்பாவில் போட்டு, கார்ப்பரேட்டரின் எந்தக் குழலில் (பேரலில்) எது இருந்தது என்று எழுதி வையுங்கள்.

ஜெட்டில் கைவைக்கும் முன்னால் ஒரு காரியம். கார்ப்பரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே இரும்போடு ஒட்டிய ரப்பர் மவுண்டுகள் இருக்கும். அவை வயதானால் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் கீறும். அந்தக் கீறல் வழியாகக் காற்று புகுந்து கலவை மெலியும். எஞ்சின் ஓடும்போது அடியில் கைவிட்டு மவுண்டை மெல்ல மேலே அழுத்துங்கள். ஐடில் மாறினால் மவுண்டை மாற்றுங்கள். அதை மாற்றாமல் ஜெட்டை மாற்றிக்கொண்டே இருந்தால் வாழ்நாள் முழுவதும் டியூனிங்தான்.


வளவுவாசி:

ஜெட்டூசி அண்ணன் சொன்ன ரப்பர் மவுண்டுகளைக் கழற்றிப் பார்த்தேன். நான்கிலுமே அடிப்பக்கம் ரப்பர் இரும்பைவிட்டுப் பிரிந்திருக்கிறது. நகத்தை நுழைத்தால் உள்ளே போகிறது. திருப்புளியால் தட்டியதில் இடப்பக்கச் சில் முக்கால்வாசி நீளத்துக்கு மந்தமாக ஒலிக்கிறது. வலப்பக்கம் பின்சக்கரத்துக்கு முன்னே ஒரு சாண் அளவு மட்டும். இப்போது என் பெரிய அச்சம் சூடு. நம் பக்கம் சித்திரை, வைகாசியில் இந்த எஞ்சினைத் தண்ணீர் கொதிக்காமல் ஓட்ட முடியுமா?


கோலாலம்பூர் ஆச்சி:

முடியும், தம்பி. நான் பிறந்தது பள்ளத்தூர், வாழ்வது கோலாலம்பூர். உங்கள் வண்டி சேர்ந்த அதே 105 வரிசை கூப்பே ஒன்றைக் கணவர் காலத்திலிருந்து வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இங்குள்ள நெரிசலில் சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் வண்டி கொதிக்காமல் இருக்கிறது என்றால் காரைக்குடிச் சாலையில் அதற்கு என்ன குறை வந்துவிடப்போகிறது?

தொழிற்சாலை வைத்த குளிரூட்டும் அமைப்பு தன்னளவில் மோசமானதல்ல; ஐம்பது ஆண்டு அழுக்கோடு அதை வேலை செய்யச் சொல்வதுதான் தவறு. பிளாக்கின் பக்கவாட்டு வடிகுழாயைத் திறந்தால் என் வண்டியில் முதலில் எதுவுமே வரவில்லை; கம்பி விட்டுக் குத்திய பிறகு செம்மண் குழம்பு வந்தது. லைனர்களை, அதாவது பிஸ்டன்கள் ஓடும் தனி உருளைகளை, சுற்றி அந்தக் குழம்பு கட்டியாக உட்கார்ந்திருந்தால் எந்த ரேடியேட்டரும் உதவாது. எஞ்சினைப் பிரிக்கும்போது லைனர்களை வெளியே எடுத்து அந்த இடத்தைச் சுரண்டச் சொல்லுங்கள். ரேடியேட்டரின் மேல்தொட்டியையும் கீழ்த்தொட்டியையும் பழையதாகவே வைத்துக்கொண்டு, நடுவிலுள்ள கோர் (core) பகுதியை மட்டும் கூடுதல் வரிசைக் குழாய்களோடு பித்தளையில் மாற்றலாம். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ரேடியேட்டருக்கு முன்னே மெலிந்த எலெக்ட்ரிக் ஃபேன் ஒன்று, ரிலேயோடு. அவ்வளவுதான் நான் செய்தது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொல்லும் மெக்கானிக்குகள் இங்கும் உண்டு, பேச்சைக் கேட்காதீர்கள். அது இல்லாவிட்டால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வர நெடுநேரம் பிடிக்கும்.

ஹெட் கேஸ்கெட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த எஞ்சினில் எண்ணெய் மேலே ஏறும் துளைகளைச் சுற்றிச் சிறிய ரப்பர் வளையங்கள் உண்டு. அவை இறுகிப்போனால் எண்ணெயும் தண்ணீரும் கலக்கும். எண்ணெய் மூடியின் உள்பக்கம் தயிர்போல வெளுத்துத் தெரிந்தால் அதுதான் அறிகுறி. லைனர்கள் பிளாக்கின் மேல்தளத்தைவிட மில்லிமீட்டரில் சில நூறில் ஒரு பங்கு மேலே நிற்க வேண்டும். நான்கும் ஒரே அளவில் நிற்க வேண்டும். இதை டயல் கேஜ் வைத்து அளந்து காட்டாத மெக்கானிக்கிடம் ஹெட்டை மூடவிடாதீர்கள்.


அரிமானம்:

ஆச்சி சொன்ன செம்மண் குழம்புக்குக் காரணம் குழாய்த் தண்ணீர். அலுமினிய பிளாக், வார்ப்பிரும்பு லைனர், பித்தளை ரேடியேட்டர் என்று மூன்று உலோகங்கள் ஒரே நீரில் நிற்கும்போது அந்த நீர் மின்கலமாகவே வேலை செய்யும். இந்த மூன்றில் முதலில் கரைவது அலுமினியம். சம்பை ஊற்றுத் தண்ணீர் குடிக்க எவ்வளவு இனிப்பாக இருந்தாலும் ரேடியேட்டருக்கு ஆகாது. உப்பு நீக்கிய நீரில் பாதிக்குப் பாதி அரிமானத் தடுப்பான் கலந்த கிளைக்கால் (கடையில் கூலண்ட் என்று விற்பது) சேருங்கள். நமக்கு உறைபனிக் கவலை இல்லை என்றாலும் அந்தத் தடுப்பானுக்காகவே அது வேண்டும். தடுப்பான் நாளடைவில் தீர்ந்துவிடும் என்பதால், வண்டி ஓடினாலும் நின்றாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.


கோவை ட்வின்கேம்:

பெரிய எஞ்சினை இனி வற்புறுத்தப் போவதில்லை, ஆர்.சி. சிக்கல் உண்மையானதுதான். ஆனால் மேம்பாடு என்றாலே குதிரைத்திறன் என்று நினைக்கும் பலரிடம் இருந்து நான் வேறுபடும் இடம் ஒன்று உண்டு. இந்த வண்டியில் முதல் பணத்தைப் பிரேக்கில் செலவிடுங்கள். நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக் என்பது 1960களில் பெரிய விஷயம். அமைப்பு நல்லது, எனவே அதை மாற்ற வேண்டாம், புதுப்பித்தால் போதும். வலப்பக்க ஸ்டீயரிங் வண்டிகளில் பெடல்கள் தரையிலிருந்து நிற்கும். மாஸ்டர் சிலிண்டர் தரைக்குக் கீழே, மழைத்தண்ணீர் தெறிக்கும் இடத்தில் இருக்கும். உங்கள் பெடல் தரைவரை போவதற்குக் காரணம் பெரும்பாலும் அங்கேதான். சிலிண்டரின் உட்சுவர் குழிவிழுந்திருந்தால் வெறும் ரப்பர் கிட் போட்டு ஏமாறாதீர்கள்; புதுச் சிலிண்டர் வாங்குங்கள், அல்லது கோவையிலோ மதுரையிலோ நல்ல லேத்துப் பட்டறையில் எவர்சில்வர் ஸ்லீவ் போட்டு வாங்குங்கள். ரப்பர் ஹோஸ்கள் உள்ளே வீங்கி அடைத்திருக்கும், அனைத்தையும் மாற்றுங்கள். இரும்புக் குழாய்களுக்குப் பதில் செம்பு நிக்கல் குழாய் போட்டால் துருப்பிடிக்காது.

அடுத்தது, கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் முன்பக்க ரப்பர் கப்ளிங். பல ஆண்டுகள் நின்ற வண்டியில் அது கட்டாயம் வெடித்திருக்கும். அந்த நிலையில் நெடுஞ்சாலை வேகத்தில் ஓட்டினால் என்ன உடையும் என்று சொல்ல முடியாது. புதியது வரும்போது சுற்றிலும் ஒரு தகரப் பட்டை இறுக்கியிருக்கும். ஆறு போல்ட்டுகளையும் மாட்டி முறுக்கிய பிறகே அந்தப் பட்டையை வெட்டுங்கள். முதலில் வெட்டினால் ரப்பர் விரிந்து துளைகள் நேரே வராது.

கியர்பாக்ஸில் இரண்டாம் கியர் குளிர்ந்த நிலையில் கரகரக்கும். இந்தக் குடும்பத்துக்கே உள்ள குணம் அது. எண்ணெய் சூடாகும்வரை டபுள் கிளட்ச் போட்டு ஓட்டப் பழகிக்கொள்ளுங்கள். அதற்காக மட்டும் பெட்டியைப் பிரிக்காதீர்கள்.


தேவகோட்டை டிங்கர்:

கோவைக்காரர் இவ்வளவு நியாயமாகப் பேசுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பிரேக் குழாய்களையும் ஒயரிங்கையும் உடல் பெயிண்ட் அடித்த பிறகு போடுங்கள், ஆனால் அவற்றைப் பிடிக்கும் கிளிப்புகளுக்கான துளைகளைப் பெயிண்ட்டுக்கு முன்னே போட்டுவிடுங்கள். புதுப் பெயிண்ட்டில் டிரில் வைத்தால் அந்தத் துளையிலிருந்தே அடுத்த துரு தொடங்கும்.


ஜெட்டூசி:

ஒயரிங் புதிதாகப் போடும்போதே செலவில்லாமல் கிடைக்கும் மேம்பாடு ஒன்று உண்டு. பழைய அமைப்பில் ஹெட்லைட்டின் மின்சாரம் முழுவதும் ஸ்டீயரிங் பக்கத்துச் சுவிட்ச் வழியாகத்தான் போய்வரும். சுவிட்ச் சூடாகும், வெளிச்சம் மங்கும். இரண்டு ரிலேக்களைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைத்துவிட்டால் சுவிட்சும் பிழைக்கும், வெளிச்சமும் கூடும். பாயிண்ட், கண்டென்சருக்குப் பதிலாக, பார்வைக்குப் பழைய டிஸ்ட்ரிபியூட்டரைப் போலவே இருக்கும் எலெக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டர் போடலாம். பழையதை எடுத்து வையுங்கள், ஆய்வுக்கோ கண்காட்சிக்கோ அரை மணி நேரத்தில் திரும்ப மாட்டிவிடலாம். எஞ்சினோடு ஒட்டிய பெட்ரோல் பம்ப் வெயிலில் ஏர்லாக் ஆகிறது என்று தெரிந்தால் மட்டும் தொட்டிக்கு அருகே எலெக்ட்ரிக் பம்ப் வையுங்கள். அப்படி வைத்தால் மோதலில் தானாக நிற்கும் இனர்ஷியா சுவிட்ச் இல்லாமல் வைக்கவே கூடாது.


வளவுவாசி:

இதுவரை எழுதிய அனைவருக்கும் நன்றி. அப்பச்சியிடம் இந்த விவாதம் முழுவதையும் படித்துக் காட்டினேன். எஞ்சின் 1290 சிசியாகவே இருக்கும் என்றதும் மீதி எல்லாவற்றுக்கும் சம்மதம் சொல்லிவிட்டார்கள். எலெக்ட்ரிக் ஃபேன் மட்டும் வெளியில் தெரியக் கூடாதாம். மைத்துனருக்கு 10/41 ஆக்சில்மீது இன்னும் ஆசை விடவில்லை. 9/41ஐ வைத்தே ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்று நிறுத்தியிருக்கிறேன். எங்கள் ஓட்டம் பெரும்பாலும் ஊர்ச்சாலைகளில்தான் என்பதால் எனக்கு அந்தக் கத்தல் பெரிய குறையாகத் தோன்றவில்லை. சில் தகடுகள் மூன்று அடுக்கும், ரப்பர் மவுண்டுகளும், மாஸ்டர் சிலிண்டரும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், அவற்றுக்குச் சொல்லியாகிவிட்டது. தகடுகள் வரும்வரை வெட்டுவதில்லை. அதுவரை சிறு உதிரிகளைச் சலவைச் சோடாத் தொட்டியில் போட்டு எடுத்துக்கொண்டிருப்பேன். வேறு எதையாவது இந்தக் கட்டத்திலேயே கவனிக்க வேண்டும் என்றால் சொல்லுங்கள்.


ஆர்சி புத்தகம்:

ஒன்று இருக்கிறது. எஞ்சின் அறைக்குப் பின்னாலுள்ள தடுப்புத் தகட்டில் சேஸிஸ் எண் பொறித்திருக்கும். பெயிண்ட் பட்டறைக்கு அனுப்பும் முன்பே அதன்மேல் வெள்ளைத்தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து நான்கைந்து பிரதிகள் எடுத்துக்கொள்ளுங்கள். பிளாக்கில் உள்ள எஞ்சின் எண்ணுக்கும் அப்படியே. அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் புகைப்படமும் எடுத்து, இரண்டு எண்களும் புத்தகத்தில் உள்ளவற்றோடு ஓர் எழுத்து விடாமல் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பழைய புத்தகங்களில் எழுத்தர் கைப்பிழை சாதாரணம். பிழை இருந்தால் இப்போதே திருத்த விண்ணப்பம் போட்டுவிடலாம். பிறகு பெயிண்ட்டரிடம் அந்த எண் இருக்கும் இடத்தைக் கையால் தொட்டுக் காட்டி, அங்கே பட்டி படக் கூடாது, பிரைமரும் மெல்லிய ஒரே பூச்சுதான் என்று சொல்லிவிட்டு வாருங்கள். எண் நிரம்பிவிட்டால் ஆய்வாளர் பென்சில் தேய்க்கும்போது தாளில் எதுவும் வராது. அதன்பின் தடயவியல் சோதனைக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.